மாடிக்கும் கடைக்கும் ஒரு கேபிள்

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வாயில் ஒரு சின்ன டார்ச். கையில், கணினியின் முதுகில் சாய்ந்து கிடந்த நெட்வொர்க் கேபிளின் முனை.

அந்த முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பிளக் இருக்கும். அதன் மேல் நாக்கு போல ஒரு சின்னக் கொக்கி. உள்ளே செருகும்போது ‘டிக்’ என்று பிடித்துக்கொள்வது அதுதான். கழற்றுவதாக இருந்தால் கொக்கியை விரலால் அமுக்கிவிட்டு இழுக்க வேண்டும். அமுக்காமல் வெடுக்கென்று இழுத்தால் சில தடவைகளில் ஒடிந்துவிடும்.

என் கையில் இருந்ததில் கொக்கி ஒடிந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் நான் புதிதாகப் போட்ட பிளக். அதற்கு முன்னால் இருந்ததும் இதே இடத்தில்தான் ஒடிந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் முதலாளியின் கால்கள் தெரிந்தன. பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“இன்னா டீச்சரம்மா, ஒயர்ல கோளாறா?” என்று கேட்டார்.

“பாக்கிறேன் ஐயா” என்றேன். டார்ச் வாயில் இருந்ததால் அது சரியாக வரவில்லை.

மாடியில் அவருடைய மனைவி சகுந்தலாம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தார். வாசலில் கணக்கர் நடராஜன் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லப்போகும் பதிலில் அவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே கேபிளில் இரண்டு வரதன்

கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்காக: நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரி. தொண்ணூறுகள் முடிகிற சமயம், ஏனாத்தூர் போகும் சாலையில் ஒரு கணினி மையத்தில் காலை வகுப்பு எடுத்தேன். மதியத்துக்கு மேல் மொபெட்டில் வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்ப்பேன். முன்னால் கால் வைக்கிற இடத்தில் டூல்ஸ் பை, தோளில் கேபிள் சுருள். ஏணி மட்டும் அந்தந்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வேன். நான் ஏணியில் ஏறி டிரில்லிங் மிஷினைப் பிடிப்பதைப் பார்க்க அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள்.

இரண்டு கணினிகளை ஒரு கேபிளால் இணைத்து, இங்கே இருப்பதை அங்கே பார்ப்பது அப்போது பெரிய ஆபீஸ்களில் மட்டும் நடக்கிற காரியம். வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. முதல் சோதனை எங்கள் வீட்டிலேயே நடந்தது. கூடத்தில் ஒரு பழைய கணினி, பின்கட்டில் நான் உதிரிகளை வாங்கிச் சேர்த்த இன்னொன்று. நடுவில், சுவரோரமாக, அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் போன கேபிள்.

எல்லாம் சரியாக மாட்டியும் ஒன்று இன்னொன்றைப் பார்க்க மறுத்தது. கேபிளை மாற்றினேன். கார்டை மாற்றினேன். மறுநாள்தான் காரணம் தெரிந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அப்பாவிடம் கொடுத்திருந்தேன். அவர் இரண்டுக்குமே ‘வரதன்’ என்று வைத்திருந்தார்.

“ஒரே பேரா வச்சா எப்படிப்பா?”

“ஏண்டி, வைக்கப்படாதா? நம்ம தெருவிலேயே எத்தனை வரதன் இருக்கான்!”

“தெருவுல இருக்கலாம்ப்பா. ஒரே கேபிள்ல இருக்க முடியாது.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படின்னா கூடத்துல இருக்கறது வரதன், உள்ள இருக்கறது தேவராஜன். ரெண்டும் நம்ம கோவில் பெருமாள் பேர்தான், அவர் கோச்சுக்க மாட்டார்” என்றார். பெயரை மாற்றியதும் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அப்பா கூடத்தில் உட்கார்ந்தபடியே பின்கட்டுக் கணினியில் இருந்த ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அது நிஜமா என்று எழுந்துபோய்ப் பின்கட்டிலும் பார்த்துவிட்டு வந்தார்.

சகுந்தலாம்மா

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். கீழே முன்னறையில் பட்டுப்புடவைக் கடை, பின்னால் தறிகள். மாடியில் டிசைன் அறை. கடைக்கு முதலாளி ஏகாம்பரம் என்றாலும், எந்த முந்தானையில் எந்தப் பூ, எந்தப் புடவை உடம்புக்கு எந்தக் கரை என்று முடிவு செய்வது சகுந்தலாம்மாதான். கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருந்தவர், கணினி வந்ததும் ஒரே மாதத்தில் மவுஸுக்கு மாறிவிட்டார். கரையில் ஓடும் மயிலின் கொண்டையை அவர் மவுஸால் இழுத்து வரைவதைப் பார்த்தால், நான் பாடம் நடத்துவதை நிறுத்திவிடலாமா என்று தோன்றும்.

நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு துவாரம் வழியாக மூச்சு. அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருப்பார். மாடிப்படி இறங்கி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால் நாள் முழுவதும் மேலேயே இருந்தார்.

அதற்கு முன்னால் அவருக்கு அப்படி ஒரு குரலாம். மாடிப்படியின் தலையில் நின்று ஒரு சத்தம் போட்டால், அடுத்த வீட்டுத் தறியும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் ஓடும் என்று நடராஜன் சொல்வார். இப்போது யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் ஜன்னல் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார். தறிச் சத்தத்தில் அது கீழே கேட்காது. கேட்டு யாராவது மேலே போனால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

என்னை அவர்கள் கூப்பிட்டது வேறு வேலைக்கு. மாடியில் வரையும் டிசைனைப் பிளாப்பியில் போட்டுக் கீழே கொண்டுவந்தால், பாதி நாள் பிளாப்பி திறக்காது. பட்டுத் தூசி உள்ளே போய்விடும். அதனால் மாடிக்கும் கடைக்கும் கேபிள் போடச் சொன்னார்கள். படிக்கட்டுச் சுவரில் துளை போட்டு இறக்கினேன். மேலே இருந்த கணினிக்கு ‘மாடி’, கீழே இருந்ததற்கு ‘கடை’. இந்த முறை பெயரில் குழப்பம் இல்லை.

வேலை முடிந்தபோதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கணினிகளிலேயே ஒரு குட்டிச் செயலி உண்டு. ஒரு கணினியில் ஒரு வரி தட்டினால், இன்னொரு கணினியின் திரையில் பெட்டி மாதிரி எழும்பி வரும். தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டும். பத்தாவது வரை படித்த சகுந்தலாம்மாவுக்கு அது கஷ்டமாக இல்லை.

சொல்லிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து நடராஜனோடு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி எழும்பியது. நடராஜன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“வாசல்ல... ஆடு... பாவுக் கஞ்சியக் குடிக்குது... எல்லாரும் இன்னா புடுங்கிக்கினு இருக்கிறீங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலுக்கு, போடக் கரைத்து வைத்திருந்த கஞ்சி வாளியில் ஒரு வெள்ளாடு தலையை விட்டுக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் சகுந்தலாம்மா நின்றிருந்தார். ஆட்டை விரட்டுவதைப் பார்த்தபடி, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாக நடராஜன் சொன்னார்.

போய்ச் சேராத செய்திகள்

ஒரு மாதம் ஓடியிருக்கும். நடராஜன் போன் செய்தார். “மேடம், அம்மா அனுப்பறது வரலியாம். மேல கோவமா இருக்கிறாங்க.”

நான் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கடைப்பக்கப் பிளக்கின் கொக்கி ஒடிந்திருந்ததால், லூசாகியிருக்கும் என்று புதிய பிளக் போட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி போன், மதியத்தில்தான் செய்தி வருவதில்லை என்று. இந்த முறை நூல் சுற்றும் மோட்டார் மேல் சந்தேகப்பட்டேன். அதன் கரண்ட் ஒயரும் என் கேபிளும் ஒரே ஆணியில் ஒட்டிக்கொண்டு ஓடின. மதியம் மோட்டார் ஓடும்போது தகராறு வரலாம் இல்லையா? கேபிளைப் பிரித்து வீட்டின் வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் வெளிச்சுவர் என்றால் குரங்குகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு இறுக்கினேன். அப்போதும் சாயங்காலம்தான். அப்போதும் எல்லாம் நன்றாகவே வேலை செய்தது.

அந்தக் குட்டிச் செயலியில் ஒரு குறை இருந்தது. நான் அதை அமைத்திருந்த விதத்தில், அனுப்பியாயிற்று என்று மேலே காட்டும். போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது.

அதில்தான் வினை வந்தது. ஓரிக்கையிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, மாடிக்குப் போய் சகுந்தலாம்மாவிடம் முகூர்த்தப் புடவையின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சள் போதும் என்றார்கள். அவர் உடனே கீழே செய்தி அனுப்பினார். நூல் அன்று மதியமே சாயப்பட்டறைக்குப் போனது. அரக்காகவே தோய்ந்து வந்தது.

தறிக்காரர் அரக்குப் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது சகுந்தலாம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாராம். மூச்சு வாங்க நின்று, சிலேட்டை நடராஜன் முகத்துக்கு நேரே நீட்டினாராம். ‘நீ பாக்கலியா?’

“ஒண்ணுமே வரலம்மா. சத்தியமா வரல” என்று நடராஜன் சொன்னதைச் சகுந்தலாம்மா நம்பவில்லை. கடைக் கணினி முன்னால் உட்காருகிற ஆள் நடராஜன்தான். செய்தியைப் பார்த்தும் மறந்துவிட்டு, இப்போது பொய் சொல்கிறார் என்று அந்த அம்மாள் முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் மதியமே என்னை வரச் சொன்னார்கள். நேரே மாடிக்குப் போனேன். சகுந்தலாம்மா சிலேட்டில் எழுதினார்.

‘ஒயரில் கோளாறு என்றால் சொல். இல்லாவிட்டால் நடராஜன் நாளையிலிருந்து வர வேண்டாம்.’

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

‘நான் சொல்வதை மதிக்காத கடையில் எனக்கும் வேலை இல்லை. இந்த அறையையும் மூடிவிடுகிறேன்.’

பல்பம் சிலேட்டில் கிரீச்சிட்டது. அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

மேசைக்கு அடியில்

அப்படித்தான் அன்றைக்கு மேசைக்கு அடியில் போனேன். மதிய வேளையில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிளக் துளைக்குள் இல்லை. அரை விரல்கடை வெளியே வந்து, சும்மா சாய்ந்து கிடந்தது. கொக்கி ஒடிந்திருந்தது.

மாடிப்பக்கத்துப் பிளக் முதல் நாள் போட்டபடியே இருந்தது. கடைப்பக்கம் மட்டும் இரண்டாவது தடவையாக ஒடிகிறது என்றால், யாரோ இழுக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, அடிக்கடி.

வெளியே வந்து துப்பட்டாவில் தூசியைத் தட்டினேன்.

“ஐயா, கேபிள்ல கோளாறு இல்ல. இதை யாரோ புடுங்கிப் புடுங்கிச் சொருகுறாங்க.”

“எலி கிலி இழுத்திருக்கும்மா.”

“எலி கடிக்கும். திரும்பக் கொண்டுபோய்ச் சொருகாது.”

நடராஜன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. “மேடம், நான் அந்தப் பக்கம் கையே வெச்சதில்ல. எங்க கொழந்த மேல ஆணையா சொல்றேன்.”

ஏகாம்பரம் அவரைப் பார்க்காமல், “நடராஜா, டீ சொல்லிட்டு வாபா” என்றார். நடராஜன் தயங்கி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி மெத்தைப் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் விரித்துப் போட்டிருந்த புடவையின் மடிப்பைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“நான்தாம்மா புடுங்கறது.”

நான் டார்ச்சை அணைத்தேன்.

“மத்தியானம் கடையில ஆள் வர்ற நேரத்துல புடுங்கிடுவேன். சாயங்காலம் நடராஜன் போனப்புறம் சொருகிடுவேன்.”

“ஏன் ஐயா?”

“நான் அஞ்சாங்கிளாஸ்மா. தமிழ் படிப்பேன். அந்த இங்கிலீஸ் எழுத்து எனக்கு ஒண்ணும் புரியாது. அவ அனுப்பறத நடராஜன்தான் படிச்சுச் சொல்வான். ஆளுங்க உக்காந்துக்கினு இருக்கும்போதே படிப்பான். அவன் மேல தப்பில்ல, வந்ததும் படிடான்னு சொன்னதே நான்தான்.”

“எல்லார் முன்னாடியும் கூச்சமா இருந்துச்சா?”

“மொதல்ல கூச்சந்தான்.” மடிப்பை மறுபடி தடவினார். “அப்புறம் அது இல்லம்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ திட்டறத கேட்டுக்கினு இருக்கிறவன் நான். எது நெசக் கோவம், எது சும்மா, எது ஒடம்பப் பாத்துக்கோன்னு சொல்றதுன்னு அவ தொண்டையிலயே எனக்குத் தெரியும். இவன் ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி படிக்கிறான். ‘மூக்குப்பொடி போடாதீங்க, மார்ல சளி கட்டும்’னு அவன் வாயால கேக்கறப்போ, அவ போயிட்டா மாதிரி இருக்குதும்மா. மேலதான் உக்காந்துக்கினு இருக்கிறா. ஆனா போயிட்டா மாதிரி இருக்குது.”

தறிகள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. நான் பிளக்கைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

“நடராஜனை நாளைக்கு நிறுத்தப் போறாங்க ஐயா.”

“தெரியும்மா.”

“நான் மேல போய்க் கேபிள்ல கோளாறுன்னு பொய் சொல்ல மாட்டேன். நீங்கதான் புடுங்கினீங்கன்னும் நானா சொல்ல மாட்டேன்.”

அவர் புடவையை ஓரமாக நகர்த்தினார். பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்து மாடிப்படியைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் போனேன்.

சிலேட்டும் திரையும்

முதலாளி கீழே என்னிடம் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னார். மூக்குப்பொடி வரை சொன்னார். ‘போயிட்டா மாதிரி’ என்ற இடம் வந்தபோது மட்டும் நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சகுந்தலாம்மா அசையாமல் கேட்டார். கழுத்துத் துணி மட்டும் ஏறி இறங்கியது. பிறகு எழுதினார்.

‘உங்களுக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். அவன் உங்கள் காதோடு சொல்வான் என்று நினைத்தேன்.’

அதைத் துடைத்தார். ‘அரக்குப் பாவு?’

“அதுவும் நான்தான். அன்னிக்கும் புடுங்கித்தான் வெச்சிருந்தேன். சொல்றதுக்கு வாய் வரல.”

‘நடராஜன்?’

“அவன் ஒண்ணும் பண்ணல.”

அந்த அம்மாள் பல்பத்தைத் தூக்கி அவர் மேல் வீசினார். அது மார்பில் பட்டுத் தரையில் விழுந்து உருண்டது. ஏகாம்பரம் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, திரும்ப மனைவி கையில் கொடுத்தார். சகுந்தலாம்மா வாங்கிக்கொண்டு எழுதினார்.

‘அவனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தறிக்காரர் எதிரிலேயே சொல்லுங்கள்.’

ஏகாம்பரம் சிலேட்டை இரண்டு கையாலும் வாங்கி, உதடு அசையப் படித்துவிட்டு, “சரி” என்றார்.

அவர் அப்படிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு வேண்டியது அந்த அம்மாளின் கையெழுத்து. கணினி வழியாக இரண்டு பேர் பேசுவதற்கான இன்னொரு செயலியும் அந்தக் கணினிகளில் இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒரு திரையில் மவுஸால் கிறுக்கினால், மறு திரையிலும் அதே கிறுக்கல் அப்படியே வரும். வகுப்பில் மாணவர்களுக்கு வேடிக்கை காட்ட ஒரே ஒரு தடவை திறந்து காட்டியிருந்தேன். உபயோகமில்லாத சமாச்சாரம் என்று அப்போது சொன்னதாகவும் ஞாபகம்.

கீழே போய்ப் புதிய பிளக் போட்டேன். மேலும் கீழும் நாலைந்து தடவை ஏறி இறங்கி இரண்டிலும் பலகையைத் திறந்து வைத்தேன். கடைத்திரை வெறும் வெள்ளையாக இருந்தது. ஏகாம்பரம் முன்னால் உட்கார்ந்தார். டீயோடு வந்த நடராஜன் எட்டத்தில் நின்றார்.

திரையில் ஒரு கறுப்புக் கோடு தோன்றியது. வளைந்தது, சுழித்தது, கொம்பு ஏறியது. மயில்கொண்டை வரைகிற கை அல்லவா, எழுத்து குண்டு குண்டாக, வரிசை பிசகாமல் வந்தது. நடராஜன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ஏகாம்பரம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். திரையில் விரலை வைத்துத் தானே படித்தார்.

“அவனுக்கு... மொதல்ல... டீ... குடுங்க.”

கோடு நின்றது. கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு தடவை அழுத்தி அடிக்கோடு விழுந்தது.

ஏகாம்பரம் அந்த அடிக்கோட்டைப் பார்த்தார். “இது நெசக் கோவம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டிலிருந்து டம்ளரை எடுத்து நடராஜன் கையில் கொடுத்தார். “என் தப்புபா. ஒயர நான்தான் புடுங்கினேன். ஒன்ன மாட்டி வுட்டுட்டேன்.” உள்ளே தறியில் இருந்தவர்களையும் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னார். நடராஜனுக்கு டீயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாம்பழ மஞ்சளில் வேறு பாவு அன்றே சாயத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு முன்னால் புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. அரக்குப் பாவில் சகுந்தலாம்மா வேறொரு புடவை போட்டார். அதற்கும் சீக்கிரமே ஆள் வந்தது.

தெருவில் கேட்டது

கோடை இடியில் கடைக் கணினியின் நெட்வொர்க் கார்டு போய்விட்டதென்று பிறகு ஒரு நாள் கூப்பிட்டார்கள். மாற்றிவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மறுநாளும் மதியம் போனேன். மொபெட்டைத் தெருவில் நிறுத்தும்போதே முதலாளியின் சத்தம் கேட்டது.

“அந்த ஆளுக்கு நான் இன்னா கொறச்சலா சொல்லிட்டேன்? ... ஆமா, போட்டேன்! ஒரே ஒரு சிட்டிகை பொடிதான் போட்டேன்! ... இத்த எதுக்கு இவ்ளோ பெருசா எழுதற? எனக்கு கண்ணு தெரியாதா?”

மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்துக் கத்துவார். திரும்பித் திரையைப் பார்ப்பார். மறுபடி படிக்கட்டுக்கு ஓடுவார். மேலேயிருந்து ஒரு சத்தமும் வராது. வாசலில் பட்டு நூல் மூட்டையோடு வந்த ஒருவர், உள்ளே போகலாமா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னாபா இது?” என்று நடராஜனிடம் மெதுவாகக் கேட்டார். “ஒங்க முதலாளி தனியா சண்ட போட்டுக்கினு இருக்கிறாரு?”

நடராஜன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தனியா இல்லபா. தோத்துக்கினு இருக்கிறாரு.”